நாய் பூனைக்கு வயசாகும்போது குருத்தெலும்பு எப்படி மாறுது, அதை எப்படி பாத்துக்கறது

நாய்க்கு எட்டு ஒன்பது வயசு ஆனதும் படுத்த இடத்துல இருந்து எந்திரிக்க நேரம் எடுக்கும், பூனை ஜன்னல் மேல ஏறாம கீழயே சுருண்டுக்கும், உடனே வீட்ல எல்லாரும் "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்"னு சொல்லிட்டு அவங்கவங்க வேலைய பாக்க போயிடுவாங்க. இந்த ஒரு பேச்சால எத்தன ஜீவன் வருஷக்கணக்கா வலியோட கிடக்குதுன்னு நினைச்சாலே மனசு கஷ்டமாயிருது. வயசானா குருத்தெலும்பு மாறும், அது நிஜம்தான், ஆனா வயசு வேற, மூட்டு நோய் வேற, வலி வேற, இந்த மூணையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கிறதாலதான் பாத்துக்க வேண்டிய நேரத்துல பாத்துக்காம விட்டுடறோம். அதனால குட்டியா இருக்கும்போதுல இருந்து கிழமாகுற வரைக்கும் அந்த குருத்தெலும்புக்குள்ள என்ன நடக்குது, எந்த வயசுல நாம என்ன பண்ணணும்னு வரிசையா சொல்றேன்.

முதல்ல அது என்னன்னு பாத்துருவோம், இது புரிஞ்சா மத்தது எல்லாம் தானா புரியும். மூட்டுல ரெண்டு எலும்பு சேர்ற இடத்துல முனையில வழவழன்னு வெள்ளையா ஒரு படலம் இருக்கும், நாய்க்கு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் கிட்டதான் அதோட தடிமன். அதோட எடையில 65ல இருந்து 80 சதவீதம் வெறும் தண்ணி. மீதி கொலாஜன் நாரும், தண்ணிய இழுத்து பிடிச்சு வச்சுக்கிற அக்ரிகான்னு ஒரு பெரிய மூலக்கூறும், நடுவுல அங்கங்க கொஞ்சமே கொஞ்சம் செல்களும். இதுல ரத்தக்குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. ரத்தம் இல்லைன்னா சாப்பாடு எப்படி போகும்னா, மூட்டுக்குள்ள இருக்கிற திரவத்துல இருந்துதான், ஸ்பாஞ்ச அமுக்கி விட்டா தண்ணி வெளிய போய் திரும்ப உள்ள வருமே அந்த மாதிரி, கால ஊன்றப்போ அமுங்கி எடுக்கறப்போ விரிஞ்சு அப்படியே சத்த உறிஞ்சிக்கும். ஆக நடந்தாத்தான் அதுக்கு சாப்பாடு. நரம்பு இல்லைங்கறத இன்னும் நல்லா மனசுல வச்சுக்கோங்க, குருத்தெலும்பு தேய ஆரம்பிக்கறப்போ அதுக்கு வலிக்கவே வலிக்காது, தேஞ்சு தேஞ்சு அடியில இருக்கிற எலும்புக்கும் சுத்தி இருக்கிற உறைக்கும் பாதிப்பு வந்த பிறகுதான் வலி தெரியும். நொண்டறது தெரியுதுன்னா விஷயம் எப்பவோ ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். அதோட ஒரு தடவ போனா அது பழையபடி வளந்து வர்றது இல்ல, 1743லயே வில்லியம் ஹன்டர்ங்கிற உடற்கூறு நிபுணர் இத எழுதி வச்சுட்டார், இன்னிக்கும் அந்த நிலமை பெருசா மாறல.

குட்டியா இருக்கும்போது

குட்டியோட எலும்புல பெரும்பகுதி முதல்ல குருத்தெலும்பாதான் உருவாகும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எலும்பா மாறும். கால் எலும்போட ரெண்டு முனையிலயும் வளர்ச்சித் தட்டுன்னு ஒரு குருத்தெலும்பு பட்டை இருக்கும், எலும்பு நீளமாகறதே அங்கதான், எக்ஸ்ரேல பாத்தா கறுப்பா ஒரு கோடு மாதிரி தெரியும், சில பேர் அத எலும்பு முறிவுன்னு பயந்துக்குவாங்க. வளர்ச்சி முடிஞ்சதும் அந்த கோடு மறைஞ்சு முழுசா எலும்பாயிடும். சின்ன இன நாய்க்கு இது எட்டு பத்து மாசத்துலயே கிட்டத்தட்ட முடிஞ்சிரும், லேப்ரடார் மாதிரி பெரிய இனத்துக்கு ஒன்னேகால் ஒன்றரை வருஷம் ஆகும், கிரேட் டேன் மாதிரி ராட்சச இனத்துக்கு இன்னும் கூட தள்ளிப்போகும். பூனைக்கு சில தட்டு ஒன்றரை வயசு தாண்டியும் திறந்தே இருக்கும். குதிரைக்கு முன்னங்கால் முட்டிக்கு மேல இருக்கிற தட்டு மூட ரெண்டு ரெண்டரை வயசு ஆகும், அதனாலதான் ரெண்டு வயசு குதிரைய ரேஸ்ல ஓட விடலாமாங்கற சண்டை இன்னும் ஓயல.

இந்த வயசுல நீங்க செய்ய வேண்டியது, அந்த தட்டு மூடற வரைக்கும் குட்டிய அதிகமா வதைக்காம இருக்கறது. தானா ஓடி விளையாடி களைச்சு படுத்துக்கறது தப்பே இல்ல, அது வேணும், ஆனா சைக்கிள் பின்னாடி மைல் கணக்குல ஓட விடறது, உயரத்துல இருந்து திரும்பத் திரும்ப குதிக்க வைக்கறது, வழுக்குற தரையில பந்து போட்டு திடீர் திடீர்னு திருப்பறது இதெல்லாம் வேணாம். தட்டு அடிபட்டா கால் வளைஞ்சோ குட்டையாவோ போயிடும்.

அடுத்தது கால்சியம். பெரிய இன குட்டிக்கு எலும்பு பலமா வரட்டும்னு கால்சியம் சிரப்ப ஊத்தறாங்க, தயவுசெஞ்சு ஊத்தாதீங்க. ஆறு மாசத்துக்கு உள்ள இருக்கிற குட்டியால கூடுதலா வர்ற கால்சியத்த வேணாம்னு ஒதுக்க தெரியாது, குடல்ல வந்ததுல பெரும்பகுதிய அப்படியே எடுத்துக்கும், அதனால குருத்தெலும்பு எலும்பா மாறற வேலையே கெட்டுப் போய் தடிச்சு போன துண்டு மூட்டுக்குள்ள உரிஞ்சு விழற நோய் வரும், முக்கியமா தோள்பட்டையில. பெரிய இன குட்டிக்குன்னு தயாரிச்ச முழுமையான உணவு போடறீங்கன்னா அதுலயே தேவையானது இருக்கு, மேல எதுவும் சேக்க வேணாம், அதோட வேகமா குண்டாக்கவும் வேணாம், மெதுவா வளர்ற குட்டிக்குத்தான் மூட்டு நல்லா அமையும்.

குடும்ப கட்டுப்பாடு ஆபரேஷன் எப்ப பண்ணலாம்னும் கால்நடை டாக்டர்கிட்ட பேசி வச்சுக்கோங்க. ஆண், பெண் பாலின ஹார்மோன்தான் அந்த தட்டுகள மூடச் சொல்றது, அதனால சீக்கிரம் ஆபரேஷன் பண்ணினா தட்டு லேட்டா மூடும். கோல்டன் ரிட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி பெரிய இனங்கள்ல ஒரு வயசுக்கு முன்னாடி பண்ணினதுக்கு மூட்டு பிரச்சனை கூடுதலா வந்ததா ஆய்வுகள் சொல்லுது, சின்ன இனங்கள்ல அவ்வளவு வித்தியாசம் தெரியல. ஆபரேஷன் வேணாம்னு சொல்லல, இனத்த பாத்து நேரத்த முடிவு பண்ணுங்கன்னுதான் சொல்றேன்.

நடு வயசு, இதுதான் ரொம்ப முக்கியம்

ரெண்டு வயசுல இருந்து ஏழு எட்டு வயசு வரைக்கும் யாரும் மூட்ட பத்தி யோசிக்கறதே இல்ல, நாய் நல்லா ஓடுது, பூனை நல்லா தாவுது, அப்புறம் என்னன்னு. ஆனா பின்னாடி என்ன ஆகப்போகுதுங்கறத இந்த வருஷங்கள்தான் பெரும்பாலும் முடிவு பண்ணுது, நான் எத வேணா விட்டுக்குடுப்பேன் இந்த எடை விஷயத்த மட்டும் விட்டுக்குடுக்க மாட்டேன். 48 லேப்ரடார் குட்டிகள ஜோடி ஜோடியா பிரிச்சு, ஒவ்வொரு ஜோடியிலயும் ஒண்ணுக்கு மத்தத விட 25 சதவீதம் கம்மியா சாப்பாடு போட்டு ஆயுசு முழுக்க பாத்த ஒரு ஆய்வு இருக்கு, 2002ல முடிவு வெளிவந்தது. கம்மியா சாப்பிட்ட நாய்கள் நடுத்தரமா 13 வருஷம் இருந்துச்சு, மத்தது 11.2 வருஷம். அத விட முக்கியம், கம்மியா சாப்பிட்டதுக்கு இடுப்பு மூட்டு தேய்மானம் பல வருஷம் தள்ளிப்போச்சு. மருந்து இல்ல மாத்திரை இல்ல, வெறும் சாப்பாட்டு அளவு. குண்டா இருந்தா மூட்டு மேல பாரம் கூடறது மட்டும் பிரச்சனை இல்ல, கொழுப்பு செல்களே வீக்கத்த கிளப்பற ரசாயனங்கள ரத்தத்துல விடும், அது குருத்தெலும்ப உள்ள இருந்து அரிக்கும்.

எடை சரியா இருக்கான்னு எப்படி பாக்கறதுன்னா, விலாவுல கைய தட்டையா வச்சு லேசா தடவுங்க, அழுத்தாமலே எலும்பு ஒவ்வொண்ணா கைக்கு தட்டுப்படணும், ஆனா கண்ணுக்கு துருத்திகிட்டு தெரியக்கூடாது. மேல நின்னு பாத்தா விலா முடிஞ்சதும் இடுப்பு உள்ள ஒடுங்கணும், பக்கவாட்டுல பாத்தா வயிறு பின்னாடி மேல ஏறணும். விலா எலும்ப தேட வேண்டியிருந்தா குண்டுதான், "எங்க நாய்க்கு முடி ஜாஸ்தி"ன்னு சமாதானம் சொல்லிக்காதீங்க. ஏற்கனவே நொண்டற நாய்க்கு கூட எடை குறைச்சா பலன் உண்டு, குண்டா இருந்த மூட்டுவலி நாய்கள பாத்ததுல உடம்பு எடையில 6 சதவீதம் தாண்டி குறைஞ்சதுமே நடை நல்லாயிருக்கு.

ஓடினா மூட்டு தேயும்னு ஒரு பயம் நிறைய பேருக்கு இருக்கு. பீகிள் நாய்கள டிரெட்மில்ல வாரம் 5 நாள், தினம் 75 நிமிஷம், அதுவும் கூடுதல் பாரத்த கட்டி, பத்து வருஷம் நடக்க வச்சு பாத்தாங்க, மூட்டுல எந்த கேடும் வரல. அளவா நடந்தா குருத்தெலும்புல தண்ணிய பிடிக்கிற அந்த மூலக்கூறு கூடுது, தினம் 20 கிலோமீட்டர் ஓட்டினா குறையுது, கால கட்டு போட்டு வாரக்கணக்குல அசைக்காம வச்சாலும் குறையுது. அதனால வாரம் பூரா கட்டிப்போட்டு வச்சுட்டு ஞாயித்துக்கிழமை மட்டும் ரெண்டு மணி நேரம் ஓட விடறதுதான் ரொம்ப மோசம். தினமும், கிட்டத்தட்ட ஒரே அளவுல, மண் தரையோ புல்லோ கிடைச்சா அங்க நடத்துங்க.

கிழமாகும்போது உள்ள என்ன ஆகுது

கொலாஜன் நாரு ஒரு தடவ அமைஞ்சா அவ்வளவு சுலபமா புதுசாகாது, மனுஷ மூட்டுல அதோட பாதி மாற நூறு வருஷத்துக்கு மேல ஆகும்னு கணக்கு போட்டிருக்காங்க. அதனால ஆயுசு முழுக்க ரத்தத்துல இருக்கிற சர்க்கரை மெதுவா அந்த நாருல ஒட்டி, நாருக்கு நாரு குறுக்க பிணைச்சு விட்டுடுது. வெள்ளையா இருந்த குருத்தெலும்பு வயசான விலங்குல லேசா மஞ்சளா தெரியறது இதனாலதான், விறைப்பாகும், சுலபமா கீறல் விழும். தண்ணி பிடிக்கிற அக்ரிகானும் துண்டு துண்டாகி சின்னதாகும், செல்களும் களைச்சுப் போய் வளரச் சொல்ற சிக்னலுக்கு முன்ன மாதிரி பதில் குடுக்காது. விலா எலும்போட முனையில இருக்கிற குருத்தெலும்புல சுண்ணாம்பு படியும்.

(சுறா மாதிரி மீன்களுக்கு எலும்புக்கூடு முழுக்கவே குருத்தெலும்புதான், பல சுறா இனங்கள்ல முதுகெலும்புல சுண்ணாம்பு படியற வளையங்கள எண்ணி வயசு சொல்லுவாங்க. கிரீன்லாந்து சுறாவுக்கு அந்த மாதிரி கெட்டியான வளையம் இல்லாததால 2016ல கண் லென்ஸ்ல கார்பன் அளந்து பாத்தாங்க, ரொம்ப பெருசா இருந்த ஒண்ணுக்கு ஏறக்குறைய 400 வயசு, அதுலயும் முன்ன பின்ன 120 வருஷம் இருக்கலாம்னு வந்துச்சு. அவ்வளவு காலம் ஒரு குருத்தெலும்பு உடம்பு தாக்கு பிடிக்குதுன்னா எனக்கு இன்னும் ஆச்சரியம் அடங்கல.)

இது வரைக்கும் சொன்னது வயசு. நோய் அது மேல வர்றது. வயசான குருத்தெலும்புல தண்ணி குறையும், மூட்டு தேய்மான நோய் ஆரம்பிக்கறப்போ நேர்மாறா நார்வலை தளர்ந்து தண்ணி கூடி உப்பும், மிருதுவாகும், அப்புறம் இழை இழையா பிரியும், கடைசியில எலும்பு வெளிய தெரியும், ஓரத்துல எலும்பு முள்ளு முள்ளா வளரும். ரெண்டும் ஒண்ணு இல்ல, வயசு அதுக்கு கதவ திறந்து விடுது அவ்வளவுதான். நாய்கள்ல பாதி நேரம் காரணம் வளர்ற வயசுல இடுப்பு மூட்டு சரியா அமையாததோ, முட்டி தசைநார் அறுந்ததோ, அந்த மாதிரி ஏதோ ஒண்ணு, அதனால ரெண்டு வயசு நாய்க்கும் இந்த நோய் வரும். பூனைக்கு சத்தமில்லாம வரும், 12 வயசு தாண்டின 100 பூனைகளோட எக்ஸ்ரேய எடுத்து பாத்ததுல 90க்கு மூட்டுலயோ முதுகுலயோ தேய்மானம் இருந்துச்சு. அதுல பெரும்பாலான பூனைகளோட வீட்ல யாருக்கும் அது தெரிஞ்சிருக்காதுன்னுதான் நான் நினைக்கறேன்.

வீட்ல எப்படி கண்டுபிடிக்கறது

நாய்க்கு: தூங்கி எந்திரிச்சதும் முதல் பத்தடி விறைப்பா நடந்து அப்புறம் சரியாகுதா, படியில ஏறும்போது பின்னங்கால் ரெண்டையும் சேத்து முயல் மாதிரி தூக்கி வைக்குதா, வண்டியில ஏற யோசிக்குதா, ஒரே மூட்ட நக்கிகிட்டே இருக்கா, குளிர் நாள்ல இன்னும் மோசமாகுதா. ரெண்டு தொடையையும் ஒரே நேரத்துல ரெண்டு கையால பிடிச்சு பாருங்க, ஒண்ணு மெலிஞ்சிருந்தா அந்த கால அது ரொம்ப நாளா சரியா ஊன்றதில்லன்னு அர்த்தம். வலிச்சா கத்தும்னு காத்திருக்காதீங்க, பெரும்பாலான நாய் கத்தவே கத்தாது.

பூனை நொண்டறது அபூர்வம், ஏன்னா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தேஞ்சிருக்கும், எந்த கால காப்பாத்தறது. அதனால நீங்க பழக்கத்த பாக்கணும். முன்னாடி ஒரே தாவா அலமாரி மேல போனது இப்ப நாற்காலி, மேஜைன்னு தங்கி தங்கி போகுதா, இறங்கும்போது முன்னங்கால நீட்டி தயங்குதா, முதுகுப் பக்கம் நக்க முடியாம முடி சிக்கு பிடிச்சிருக்கா, நகம் நீண்டு தரையில தட்டுதா, மலம் கழிக்கிற டப்பாவுக்கு வெளிய போகுதா, தொட்டா சீறுதா. பூனைக்கு குணம் மாறிடுச்சுன்னு சொல்றாங்களே, பல சமயம் அது குணம் இல்ல, இடுப்பு வலி.

ஒரு நல்ல வழி சொல்றேன், மூணு மாசத்துக்கு ஒரு தடவ போன்ல வீடியோ எடுத்து வைங்க, நேரா வர்றது, திரும்பி போறது, பக்கவாட்டுல நடக்கறது, படி ஏறறது, தாவறது. தினம் பாக்கற நமக்கு மெதுவா வர்ற மாற்றம் கண்ணுக்கு தெரியாது, பழைய வீடியோவோட வச்சு பாத்தா உடனே தெரிஞ்சிரும். அதோட பூனை ஆஸ்பத்திரி மேஜையில பயத்துல உறைஞ்சு போய் உக்காந்துடும், டாக்டரால நடைய பாக்கவே முடியாது, அந்த வீடியோதான் அவருக்கு கண்ணு.

மருந்து விஷயம்

மனுஷ வலி மாத்திரை எதுவும் குடுக்காதீங்க. பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை பூனைய கொன்னுடும், அத உடைக்கிற என்சைம் பூனை கல்லீரல்ல போதுமான அளவு இல்ல. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் நாய்க்கு குடல்புண்ணும் சிறுநீரக கேடும் கொண்டு வரும். விலங்குக்குன்னு தனியா கார்ப்ரோஃபென், மெலாக்சிகம் எல்லாம் இருக்கு, அதையும் ரத்தம் டெஸ்ட் பண்ணி டாக்டர் சொன்ன அளவுலதான் குடுக்கணும், இடையில நீங்களா கூட்டக் குறைக்க கூடாது. வலி நரம்ப தூண்டற புரதத்த தடுக்கற மாசாந்திர ஊசியும் இப்ப சில நாடுகள்ல வந்திருக்கு, நாய்க்கு பெடின்வெட்மாப், பூனைக்கு ஃப்ரூனெவெட்மாப், உங்க செல்லத்துக்கு அது பொருந்துமான்னு டாக்டர்தான் பாக்கணும், பக்கவிளைவு என்னென்னன்னு கண்டிப்பா கேளுங்க.

குளுக்கோசமின் பவுடர் பத்தி எல்லாரும் கேக்கறாங்க. பெரிய கெடுதல் இல்ல, ஆனா அதனால நடை தேறுதுன்னு காட்டற ஆதாரம் பலவீனமாத்தான் இருக்கு. மீன் எண்ணெயில இருக்கிற ஒமேகா 3க்கு அத விட நல்ல ஆதாரம் இருக்கு, கையில காசு அளவாத்தான் இருக்குன்னா நான் அதத்தான் எடுப்பேன், அதுலயும் கலோரி இருக்குங்கறத கணக்குல வச்சுக்கோங்க. எந்த பவுடரும் தேஞ்ச குருத்தெலும்ப திரும்ப வளக்காது, அப்படி எழுதியிருந்தா நம்பாதீங்க.

மருந்தோட சேத்து வீட்ல பண்ண வேண்டியதும் நல்ல பலன் தரும். டைல்ஸ் தரையில நாய் நடக்கிற வழி பூரா வழுக்காத பாய் போடுங்க, நகத்தையும் உள்ளங்கால் முடியையும் வெட்டி விடுங்க, நகம் நீண்டிருந்தா பாதமே சரியா பதியாது. படுக்கை தடிமனா இருக்கட்டும், குளிர் தரையில படுக்க விடாதீங்க. கட்டில் பக்கத்துல சாய்தளமோ சின்ன படியோ வைங்க. பூனை டப்பாவோட ஒரு பக்க சுவர தாழ்வா வெட்டி விடுங்க, தண்ணியும் சாப்பாடும் அது ஏற வேண்டாத இடத்துல வைங்க. நடைய நிறுத்திடாதீங்க, ஒரே நீள நடைக்கு பதிலா சின்ன சின்னதா ரெண்டு மூணு தடவ கூட்டிட்டு போங்க, நீச்சல் பழக்கம் இருந்தா அதுவும் ரொம்ப நல்லது.

மூட்டுல மட்டும் இல்ல

முதுகெலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்கும், மூச்சுக்குழாய் வளையமும் குருத்தெலும்பு வகைதான், இத பல பேர் மறந்துடறாங்க. டாக்ஸ்ஹண்ட், பிரெஞ்சு புல்டாக் மாதிரி குட்டைக் கால் இனங்களுக்கு டிஸ்க் உள்ள இருக்கிற ஜெல்லி ஒரு வயசுக்குள்ளயே காஞ்சு குருத்தெலும்பா மாறி சுண்ணாம்பும் படிய ஆரம்பிச்சுடும், இதுக்கு காரணமான மரபணு மாற்றத்த 2017ல 12வது குரோமோசோம்ல கண்டுபிடிச்சாங்க. ஆக இந்த நாய்களுக்கு முதுகு மட்டும் ரொம்ப சீக்கிரமே கிழமாயிடுது, மூணு வயசுல இருந்து ஏழு வயசுக்குள்ள டிஸ்க் பிதுங்கி தண்டுவடத்த அழுத்தறது சகஜம். சோஃபாவுல இருந்து குதிக்க விடாதீங்க, தூக்கும்போது நெஞ்சையும் பின்பக்கத்தையும் சேத்து தாங்கி முதுகு நேரா இருக்கற மாதிரி தூக்குங்க. பொமரேனியன், யார்க்ஷயர் டெரியர் மாதிரி சின்ன இனங்களுக்கு மூச்சுக்குழாய் வளையத்துல தண்ணி பிடிக்கிற பொருள் குறைஞ்சு வளையம் தளர்ந்து அமுங்கிடும், உற்சாகமானா ஹாங்க் ஹாங்க்னு இருமல் வரும், அதுகளுக்கு கழுத்துப் பட்டைய கழட்டிட்டு நெஞ்சுல மாட்டற ஹார்னஸ் போடுங்க.

மெதுவா வர்ற விறைப்புக்கு நாலஞ்சு நாள்ல டாக்டர்கிட்ட நேரம் வாங்கினா போதும். ஆனா திடீர்னு பின்னங்கால இழுத்துகிட்டு போனா, நிக்க முடியாம போனா, சிறுநீர் அடக்க முடியாம போனா, ஒரு மூட்டு சூடா வீங்கி காய்ச்சலும் இருந்தா காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, அந்த ராத்திரியே தூக்கிட்டு ஓடுங்க, தண்டுவடம் அழுத்துற கேஸ்ல ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.